நடுவரின் காது

2004 ஆகஸ்ட் 21 அன்று ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரத்தில் ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்று ஆட்டம் ஒன்று நடந்தது. வந்திருந்த அணி பேரும் பணமும் உள்ள ஹாம்பர்க். எதிரே, மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த உள்ளூர் அணி. ஹாம்பர்க் இரண்டு கோல் போட்டதும் ஆட்டம் முடிந்த கதை என்றே தோன்றியது. அதன் பிறகு நடுவர் ராபர்ட் ஹொய்ட்சர் பாடர்போர்னுக்கு இரண்டு பெனால்டி கொடுத்தார். கொதித்துப்போய் வாதாடிய ஹாம்பர்க் முன்கள வீரர் எமில் எம்பென்சாவைச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். கடைசியில் பாடர்போர்ன் 4, ஹாம்பர்க் 2. இரண்டு மாதத்தில் ஹாம்பர்க் பயிற்சியாளருக்கு வேலை போனது. அந்தத் தோல்வியும் அவர் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

ஹொய்ட்சருக்கு அப்போது இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. வளர்ந்துவரும் நடுவர் என்று பேர் வாங்கியவர். அவர் கொடுத்த பெனால்டிகளைப் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் அப்படிப்பட்ட பெனால்டிகள் ஐரோப்பாவில் வாராவாரம் எங்காவது ஒரு மைதானத்தில் கொடுக்கப்படுபவைதான். ஐந்து மாதம் கழித்து, 2005 ஜனவரியில், அவரோடு வேலை செய்த நான்கு நடுவர்கள் கால்பந்து சங்கத்திடம் போய்த் தங்கள் சந்தேகத்தைச் சொன்னார்கள். ஹொய்ட்சர் முதலில் மறுத்தார், சில நாளில் ஒப்புக்கொண்டார். பெர்லினில் ஒரு சூதாட்டக் கும்பலிடம் பல ஆட்டங்களுக்காக அவர் வாங்கியது மொத்தம் 67,000 யூரோவும் ஒரு பிளாஸ்மா டிவியும். நீதிமன்றம் இரண்டு ஆண்டு ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது பணத்தின் அளவு அல்ல. கை நீட்டி வாங்கிய நடுவரும் கண் தவறிய நடுவரும் மைதானத்தில் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள் என்பதுதான். கேலரியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருவருமே 'காசு வாங்கிட்டான்'. ஆய்வாளருக்கோ ஒரு விசிலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஹொய்ட்சரைப் பிடித்துக் கொடுத்தது வீடியோ அல்ல, சக நடுவர்களின் வாய்.

அப்படியானால் ஒரு நடுவர் நேர்மையாக இருக்கிறாரா என்பதை எப்படித்தான் அளப்பது?

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைத் தராசு ஒன்று ஒரு தடவை ஐம்பது கிராம் கூட்டிக் காட்டுகிறது, அடுத்த தடவை குறைத்துக் காட்டுகிறது என்றால் அது மட்டமான தராசு. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் பக்கமே ஐம்பது கிராம் சாய்கிறது என்றால் அது வேறு சங்கதி. புள்ளியியலில் முதலாவது சிதறல், இரண்டாவது சாய்வு. சிதறல் இல்லாத நடுவர் இந்தப் பூமியில் கிடையாது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளை ஆராய்ந்தவர்கள், ஓர் உயர்மட்ட நடுவர் ஓர் ஆட்டத்தில் வெளிப்படையாகத் தெரிகிற முடிவுகளாகவே சராசரியாக 137 எடுக்கிறார் என்று எண்ணினார்கள். விசில் ஊதாமல் விட்டவை தனி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியபடி, இருபத்திரண்டு பேருக்கு நடுவே எடுக்கும் முடிவுகளில் சில தப்பத்தான் செய்யும். கேட்க வேண்டியது எத்தனை தப்பின என்பதல்ல, எந்தப் பக்கமாகத் தப்பின என்பது. ஒரே ஆட்டத்தைப் பார்த்தால் அது தெரியாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் லூயிஸ் கரிகானோ, இக்னாசியோ பலாசியோஸ்-வெர்த்தா, கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். 2005இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு இந்தத் துறையிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது என்பேன். காரணம், அவர்கள் பெனால்டியையோ சிவப்பு அட்டையையோ தொடவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டால், உள்ளூர் அணி அதிகம் தாக்கி ஆடுகிறது, அதனால் அதற்கு அதிகப் பெனால்டி கிடைக்கிறது, இதில் நடுவர் என்ன செய்வார் என்று யாராவது கேட்பார்கள். எனவே நடுவரின் விருப்பத்துக்கே முழுக்க விடப்பட்ட ஒன்றைத் தேடினார்கள். இஞ்சுரி டைம். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் இன்னும் எத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்பதை நடுவர்தான் சொல்கிறார். காயம், ஆள் மாற்றம், வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தியது எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டு ஓர் எண்ணைச் சொல்வார்.

ஸ்பெயின் முதல் பிரிவின் இரண்டு பருவ ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் இஞ்சுரி டைம் சராசரியாக நான்கு நிமிடம். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் இரண்டு நிமிடம். அதாவது, உள்ளூர்க்காரர்களுக்குக் கோல் தேவைப்படும்போது கடிகாரம் மெல்ல ஓடியது. தேவைப்படாதபோது வேகமாக ஓடியது. அட்டைகள், ஆள் மாற்றங்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. ஆட்டத்தின் முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்ட நிலையில், இரண்டு மூன்று கோல் வித்தியாசம் இருக்கும்போது, இந்தச் சாய்வு காணாமல் போனது. இன்னொன்றும் கிடைத்தது. ஸ்பெயினில் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்தது 1995இல் மூன்றாக மாறியது. அதற்கு முந்தைய பருவம் ஒன்றையும் பிந்தைய பருவம் ஒன்றையும் ஒப்பிட்டபோது, வெற்றியின் மதிப்பு கூடியதும் சாய்வும் கூடியிருந்தது.

யாராவது இந்த நடுவர்களுக்குப் பணம் கொடுத்தார்களா? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. கையூட்டு என்று ஒன்று இருந்தால் அது எழுபதாயிரம் தொண்டைகளிலிருந்து வந்தது. விசில் ஊதினால் வசை, ஊதாவிட்டால் ஆரவாரம். தொண்ணூறு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதனின் மனக்கணக்கு தானாக வளைகிறது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் 'நான் மனசாட்சிப்படிதான் நடந்துகொண்டேன்' என்று சொல்வார். பொய் சொல்ல மாட்டார்.

சத்தம்தான் காரணம் என்பதை எப்படி நிரூபிப்பது? இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் நேரடியாகச் சோதித்தார்கள். லிவர்பூலுக்கும் லெஸ்டருக்கும் நடந்த ஓர் ஆட்டத்தின் பதிவிலிருந்து, ஃபவுலா இல்லையா என்று கேட்கத்தக்க 47 மோதல்களை எடுத்துக்கொண்டார்கள். தகுதி பெற்ற 40 நடுவர்களை அழைத்தார்கள். ஒரு பகுதியினர் அவற்றைக் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள். மற்றவர்கள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். ஒரே காட்சி, ஒரே கோணம். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணியின் மீது 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்களிடம் தயக்கமும் அதிகமாக இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டம் கத்தியதால் வெளியூர் அணியின் தலையில் கூடுதல் ஃபவுல் விழவில்லை. உள்ளூர் அணியின் தவறுக்கு ஊத வேண்டிய விசில்தான் உதட்டுக்கு வராமல் நின்றுவிட்டது. ஓரவஞ்சனை என்றால் ஒருவரை வேண்டுமென்றே அடிப்பது என்று நினைக்கிறோம். இங்கே நடப்பது இன்னொருவரைப் பார்த்தும் பாராமல் விடுவது. சந்தேகமே இல்லாத மோதலில் சத்தத்துக்கு வேலையில்லை, கண் பார்த்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி என்று நிற்கும் மோதலில், மூளை கிடைக்கிற துப்பையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. கூட்டத்தின் 'ஓ' என்ற குரலும் ஒரு துப்பு. பலமான மோதலுக்குக் கூட்டம் பலமாகக் கத்தும் என்பது நடுவரின் வாழ்நாள் அனுபவம். அந்த அனுபவத்தைத்தான் மூளை பயன்படுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், கூட்டம் ஒரு பக்கத்து வலிக்கு மட்டும்தான் கத்துகிறது.

ஆய்வுக்கூடம் வேறு, மைதானம் வேறு என்று சொல்லலாம். சொன்னார்கள். அதனால் மைதானத்திலேயே இயற்கை நடத்திக்கொடுத்த சோதனைகளைத் தேடினார்கள். ஜெர்மனியில் சில அரங்கங்களில், நம் சென்னை நேரு விளையாட்டரங்கில் இருப்பதைப் போல, ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருக்கிறது. கூட்டம் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். மற்ற அரங்கங்களில் ரசிகரின் மூச்சு வீரரின் பிடரியில் படும். தாமஸ் டோமன் என்ற பொருளாதார அறிஞர் ஜெர்மனியின் முதல் பிரிவான பண்டஸ்லிகாவின் பன்னிரண்டு பருவ ஆட்டங்களை அலசினார். ஓட்டப்பாதை இருந்த அரங்கங்களில் உள்ளூர்ச் சாய்வு குறைவாக இருந்தது. நடுவர்களின் நேர்மை ஓட்டப்பாதையைத் தாண்டும்போது மாறிவிடுவதில்லை. தூரம்தான் மாறுகிறது.

இத்தாலியில் 2007 பிப்ரவரியில் கட்டானியா நகரத்தில் ரசிகர் கலவரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி இறந்தார். அதற்குப் பிறகு பாதுகாப்பு வசதி போதாத அரங்கங்களில் ஆட்டங்களை ஆளே இல்லாமல் நடத்தச் சொன்னது அரசு. இரண்டு சுவீடன் ஆய்வாளர்கள் அந்த ஆட்டங்களைக் கூட்டம் இருந்த ஆட்டங்களோடு ஒப்பிட்டார்கள். வீரர்களின் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நடுவர்களின் தண்டனையில் இருந்தது. கூட்டம் இருந்தால் வெளியூர்க்காரர்களுக்குக் கடுமை, உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை. கூட்டம் இல்லாவிட்டால் அது கரைந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மே 16இல் பண்டஸ்லிகா காலி அரங்கங்களில் மீண்டும் தொடங்கியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கூட்டத்தைத் துடைத்துவிட்ட இப்படி ஒரு சோதனையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தியிருக்க முடியாது. 17 நாடுகளின் 23 லீகுகளை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வில், வெளியூர் அணிகள் வாங்கிய மஞ்சள் அட்டைகள் ஆட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அட்டை அளவுக்குக் குறைந்திருந்தன. மூன்று ஆட்டத்துக்கு ஓர் அட்டை. இதை முழுக்க நடுவர் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் வெளியூர் வீரருக்கும் பதற்றம் குறையலாம், கால் தடுக்கும் அவசியம் குறையலாம். ஆனால் ஸ்பெயினின் கடிகாரம், லிவர்பூல் வீடியோ, ஜெர்மனியின் ஓட்டப்பாதை, இத்தாலியின் காலி இருக்கைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது தற்செயல் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

சத்தம் மட்டுமல்ல, வேறு சாய்வுகளும் உண்டு. உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக், பண்டஸ்லிகா ஆகியவற்றின் 1,23,844 ஃபவுல்களை அலசியபோது, மோதிய இருவரில் உயரமானவரே குற்றவாளியாக்கப்படுவது அதிகம் என்று தெரிந்தது. 'இந்த அணி முரட்டு அணி' என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதே காட்சிக்கு நடுவர்கள் அதிக அட்டை காட்டினார்கள். ஓர் அணிக்கு ஏற்கெனவே ஒரு பெனால்டி கொடுத்திருந்தால், அதே அணிக்கு இரண்டாவது கொடுக்க மனம் வராது. எதிரணிக்குக் கொடுக்க மனம் இளகும். ஜெர்மன் உளவியலாளர்கள் இதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே இங்கே அநியாயத்துக்குக் காரணமாகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்களுக்குப் படங்களைக் காட்டியபோது, வலமிருந்து இடமாக நகரும் ஆட்டத்தில் அவர்கள் அதிக ஃபவுல் கண்டார்கள். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு எதிர்த்திசையில் வருவது இடறுகிறது என்பது விளக்கம். சின்னச் சோதனை, இதன்மேல் பெரிய கட்டடம் கட்ட நான் தயாரில்லை.

ஆஃப்சைடு விஷயத்தில் மனத்தைக் குறை சொல்லவே வேண்டாம், வடிவியலே போதும். விதி எளிது: பந்து உதைக்கப்படும் அந்த நொடியில் தாக்குபவர் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்கக் கூடாது. ஆனால் உதைப்பவர் ஓரிடத்தில், ஓடுபவர் நாற்பது மீட்டர் தள்ளி. உதவி நடுவரின் பார்வை ஓரிடத்திலிருந்து மற்றதற்குத் தாவ ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். நொடிக்கு 7 மீட்டர் ஓடும் வீரர் அதற்குள் 1.4 மீட்டர் போய்விடுவார். எல்லைக்கோட்டில் கொடியோடு நிற்பவர் பார்ப்பது உண்மை அல்ல, உண்மைக்கு ஒரு கணம் பிந்தைய நிலை.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு காரணத்தைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதுதான். உதவி நடுவர் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஆட்டம் அங்குமிங்கும் ஓடும்போது ஒரு மீட்டர் விலகிப்போவது சாதாரணம். அவர் கோல் பக்கமாக ஒரே ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். தடுப்பாட்டக்காரர் அவரிடமிருந்து 30 மீட்டரில். தாக்குபவர் மிகச் சரியாக அதே கோட்டில், ஆனால் 50 மீட்டரில். காகிதத்தில் கோடு போட்டுப் பாருங்கள்: தாக்குபவர் 67 சென்டிமீட்டர் முன்னால் நிற்பதாகத் தெரியும். கொடி உயரும். அதே தாக்குபவர் தடுப்பாட்டக்காரருக்கு இந்தப் பக்கம், உதவி நடுவருக்கு அருகில் இருந்தால் பிழை தலைகீழாகும்; உண்மையில் ஆஃப்சைடில் நிற்பவரும் தப்பிப்பார். கோல் இழந்த அணியின் ரசிகன் உதவி நடுவரின் வங்கிக் கணக்கைச் சந்தேகிக்கிறான். சந்தேகிக்க வேண்டியது அவர் நின்ற இடத்தை.

இத்தனையும் நேர்மையானவர்களின் பிழைகள். இந்தப் பிழைக் கூட்டத்துக்குள்தான் நேர்மையற்றவன் ஒளிந்துகொள்கிறான். எல்லா நடுவர்களும் சில சமயம் தப்பான பெனால்டி கொடுப்பார்கள் என்பதே ஹொய்ட்சருக்குக் கிடைத்த மறைவிடம். அப்படிப்பட்டவனை மைதானத்தில் தேடிப் பயனில்லை; பந்தயச் சந்தையில் தேட வேண்டும்.

2016 நவம்பர் 12இல் தென்னாப்பிரிக்காவும் செனகலும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மோதின. முதல் பாதி முடியும் தறுவாயில், பந்து செனகல் வீரர் காலிடு கூலிபாலியின் முழங்காலில் பட்டது. கானாவைச் சேர்ந்த நடுவர் ஜோசப் லாம்ப்டி அது கையில் பட்டது என்று சொல்லி பெனால்டி கொடுத்தார். தென்னாப்பிரிக்கா 2-1 என்று வென்றது. கைக்கும் முழங்காலுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பார்த்து உலகம் சிரித்தது. ஆனால் தண்டனைக்கு அது போதாது. விஷயத்தைத் தூக்கிக் கொடுத்தது பந்தய விகிதங்கள். மொத்தம் எத்தனை கோல் விழும் என்று ஆட்டம் நடக்கும்போதே பணம் கட்டுகிறார்கள். கோல் விழாமல் நிமிடங்கள் ஓட ஓட, 'நிறைய கோல் விழும்' என்பதற்கான வாய்ப்பு குறைய வேண்டும். விகிதமும் அதற்கேற்ப நகர வேண்டும். அன்று அது நகர வேண்டிய விதத்தில் நகரவில்லை. கோல் விழும் என்று யாரோ உறுதியாக நம்பிப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிஃபா லாம்ப்டிக்கு ஆயுள் தடை விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆட்டம் ஓராண்டு கழித்து மறுபடி ஆடப்பட்டு, செனகல் 2-0 என்று வென்று உலகக் கோப்பைக்குப் போனது.

பந்தயத்தோடு தொடர்பில்லாத ஊழலை இந்த வலை பிடிக்காது. 2006இல் இத்தாலியைக் கலக்கிய விவகாரத்தில் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளில் இருந்தது, யுவென்டஸ் நிர்வாகி லுச்சானோ மோஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்பவர்களோடு நடத்திய உரையாடல்கள். ஆட்டத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அடுத்த பெரிய ஆட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இருப்பதாக ஒரு நடுவர் நினைத்தாலே போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. துருக்கியில் 2025 அக்டோபரில் கால்பந்து சங்கமே ஒரு கணக்கை வெளியிட்டது: பணியில் இருந்த 571 நடுவர்களில் 371 பேருக்குப் பந்தயக் கணக்கு இருந்தது, அவர்களில் 152 பேர் பணம் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். இதற்கு உளவியல் விளக்கம் எதுவும் தேவையில்லை.

இனி இயந்திரங்கள். பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்ற கேள்வி, 2010 உலகக் கோப்பையில் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் கோல் மறுக்கப்பட்டதோடு சூடேறி, 2014 உலகக் கோப்பையில் தொழில்நுட்பத்தால் தீர்ந்தது. அந்தத் தொழில்நுட்பம் இருக்கும் இடத்தில் அது பற்றி இப்போது அவ்வளவாகச் சண்டை இல்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடுக்கு 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை கண்காணித்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. அந்த 500 ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லும். நொடிக்கு 50 படம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 0.02 விநாடி. தாக்குபவர் ஒரு பக்கமும் தடுப்பவர் எதிர்ப்பக்கமும் நொடிக்குத் தலா 7 மீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த இடைவெளியில் அவர்களுக்கு நடுவே 28 சென்டிமீட்டர் மாறிவிடும். பந்து உதைக்கப்பட்ட கணம் எந்தப் படத்தில் என்பதைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, அக்குள் இரண்டு சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்று தீர்ப்புச் சொன்ன முந்தைய வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) காலத்துக் கோடுகளில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை.

அளவை இயந்திரம் சரியாகச் சொன்னாலும் அதைக் காதில் சொல்பவர் மனிதர். 2023 செப்டம்பர் 30, லண்டனில் டாட்டன்ஹாமுக்கும் லிவர்பூலுக்கும் ஆட்டம். முதல் பாதியில் லூயிஸ் டியாஸ் லிவர்பூலுக்கு கோல் போட்டார். உதவி நடுவர் கொடியை உயர்த்தினார், ஆஃப்சைடு. திரையறையில் இருந்த வி.ஏ.ஆர். அதிகாரி சோதித்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்தது, சரிதான் என்று சொல்லிவிட்டார். மைதான நடுவர் அதை 'ஆஃப்சைடு சரிதான்' என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சில விநாடிகளில் திரையை இயக்கியவர்தான் முதலில் கவனித்தார்: களத்தில் கொடுத்த முடிவு ஆஃப்சைடு அல்லவா, இது உங்களுக்குச் சம்மதம்தானா என்று கேட்டார். அறையில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு குரலும் வந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் பின்னோக்கிப் போக விதியில் இடமில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

நடுவர் அமைப்பு அந்த ஒலிப்பதிவைச் சில நாளில் வெளியிட்டது. கேட்டவர்களுக்கு ஊழல் எதுவும் தெரியவில்லை. பரபரப்பில் இருந்த நான்கு பேர் ஒருவருக்கொருவர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் தெரிந்தது. இருந்தும் வேறொரு கேள்வி எழுந்தது. அந்த அறையில் இருந்த இருவர், இரண்டு நாள் முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் போய்ப் பணம் பெற்றுத் திரும்பியிருந்தார்கள். களைப்பா என்று சிலர் கேட்டார்கள். மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர் அபுதாபி அரச குடும்பத்தவர், அவர் நாட்டில் இங்கிலாந்து நடுவர்கள் கூலிக்குப் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கும் அந்தக் கோலுக்கும் தொடர்பு இருந்ததாக யாரும் காட்டவில்லை. ஆனாலும் அது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் நடுவர்கள் தாங்கள் எந்த கிளப்பின் ரசிகர் என்பதை முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். நியூகாசில் ரசிகரான மைக்கேல் ஆலிவர் நியூகாசில் ஆட்டத்துக்கு விசில் ஊதுவதில்லை. சிறுவயதுப் பாசத்துக்கு இருக்கிற கட்டுப்பாடு வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இருக்க வேண்டாமா?

திரையறைக்குள் கூட்டத்தின் சத்தம் இல்லை. ஆனால் அங்கே வேறு ஒரு சாய்வு குடியிருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து நாடுகளின் 88 உயர்மட்ட நடுவர்களுக்கு ஒரே மோதல்களை இயல்பு வேகத்திலும் மெதுவாக்கியும் காட்டினார்கள். மெதுவாக்கியபோது சிவப்பு அட்டையின் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஃபவுலா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் பெரிய முன்னேற்றம் இல்லை. மெதுவாக நகரும் கால் யோசித்து நகர்வதாகத் தெரிகிறது; அரை விநாடியில் நடந்தது திட்டமிட்டு நடந்ததாக ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் கொலை வழக்கு வீடியோவை வைத்துச் செய்த சோதனையிலும் இதே விளைவுதான் வந்தது. கால் எங்கே பட்டது என்பதற்கு மட்டும் மெதுவான காட்சி, எவ்வளவு பலமாகப் பட்டது என்பதற்கு இயல்பு வேகம் என்று வி.ஏ.ஆர். விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். டிவியில் மறுஒளிபரப்பு செய்பவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. எனவே வீட்டில் பார்ப்பவன் எப்போதும் நடுவரைவிடக் கோபமாக இருக்கிறான்.

ஃபவுல் போன்ற முடிவுகளில் வி.ஏ.ஆர். தலையிட வேண்டுமானால் நடுவர் செய்தது 'தெளிவான, வெளிப்படையான தவறாக' இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்ற நிலையில் களத்து முடிவே நிற்கும். சத்தம் வேலை செய்வதும் பெரும்பாலும் அந்தப் பாதிக்குப் பாதி நிலையில்தான். ஆக, கூட்டம் சாய்த்த முடிவைத் திரையறை நிமிர்த்துவதில்லை, அதற்கு முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறது. கொரோனா ஆட்டங்களில் அளவிடப்பட்ட சாதாரண மஞ்சள் அட்டையும், நடுக்களத்துச் சில்லறை ஃபவுலும் அதன் எல்லைக்குள்ளேயே வராதவை.

ஸ்பெயின் ஆய்வு அளந்த இஞ்சுரி டைமும் அதன் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் அங்கே வேறு வழியில் கை வைத்தார்கள். கத்தாரில், ஃபிஃபாவின் நடுவர் குழுத் தலைவர் பியர்லூயிஜி கொலீனா, இழந்த நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும் என்று நடுவர்களுக்கு உத்தரவிட்டார். இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் இரண்டு பாதிகளிலும் சேர்த்து 27 நிமிடம் கூடுதலாக ஆடினார்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், வீரர்கள் கால் வலிக்கிறது என்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் கடிகாரத்தில் அளந்து கூட்டுகிற நடுவருக்கு, இரண்டா நான்கா என்று மனத்தால் தீர்மானிக்க வேண்டிய இடம் குறைகிறது. நடுவரின் காதை அடைக்க முடியாது. காது புகுந்து பேசும் இடத்தைக் குறைக்கலாம். பெனால்டிக்கும் மஞ்சள் அட்டைக்கும் இப்படி ஒரு கடிகாரத்தை இன்னும் யாரும் செய்யவில்லை.